ஒன்பதாம் இலக்க டிஸ்க்

தில்லையடி
12.06.2025

அன்புள்ள தம்பி முபாரிஸுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் உதவியால் இங்கே எல்லாரும் சுகம். உம்மாவின் முழங்கால் நோவு கொஞ்சம் குறைவு. தோஹாவில் வெயில் ஏறியிருக்கும், தண்ணீர் நிறையக் குடி.

வொய்ஸில் சொன்னால் பாதி விளங்காது, எழுதி அனுப்புங்க ராத்தா என்று நீ சொன்னதால் ஈமெயிலில் எழுதுகிறேன். நாலாம் இலக்க டிஸ்க் கிளிக் கிளிக் என்று சத்தம் போடத் தொடங்கிவிட்டது. ஏப்ரலில் நீ லீவில் வந்தபோது ஒன்பதாம் டிஸ்க்கும் இப்படித்தான் செய்தது. நீதான் ரெண்டு நாள் உன் லெப்டொப்பில் போட்டு, உள்ளே இருந்ததை எல்லாம் எடுத்துப் புது டிஸ்க்குக்கு மாற்றித் தந்தாய். ஒவ்வொரு முறையும் நீ லீவில் வரும்வரை காத்திருக்க முடியாதே.

அலுமாரியில் பதினாலு டிஸ்க் கிடக்கு. பதினொரு வருசத்துக் கல்யாண வீடியோக்கள். நான் பெண்கள் பக்கம் மட்டும் எடுப்பதால்தான் ஆட்கள் என்னைத் தேடி வருகிறார்கள். முக்காடு இல்லாமல் இருக்கிற மணப்பெண்ணை, மருதாணி நாளில் ஆடுகிற அவள் கூட்டாளிமாரை, நானும் என்னோடு கெமரா பிடிக்கிற சப்னாவும் தவிர வேறு யாரும் பார்ப்பதில்லை. அதனால் கடையில் கொடுக்கவும் முடியாது, இன்டர்நெட்டில் ஏற்றி வைக்கவும் முடியாது. அழிக்க மனம் வருவதில்லை. மன்னாரில் இருந்து எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்தபோது உம்மாவின் கல்யாணப் படம் ஒன்றுகூட வரவில்லை. போன மாதம் ஒரு பெண் வந்து, மவுத்தாகிப் போன தன் உம்மா சிரிக்கிற இடத்தை மட்டும் வெட்டித் தாங்க என்று கேட்டாள். எட்டு வருசத்துக்கு முந்திய கல்யாணம். தேடிக் கொடுத்தேன்.

எல்லாவற்றையும் வீட்டுக்குள்ளேயே ஒரே மெஷினில் வைக்க வேணும். சர்வர் அறையில் வேலை செய்கிற நீதான் சொல்ல வேணும், என்ன என்ன சாமான் வாங்குவது என்று.

மஹ்ரூப் ஹாஜியாரைக் கண்டேன். ஜனவரியில் மூத்த மகள் கமீலாவின் கல்யாணம் முடிந்துவிட்டது, இனி இளையவள் அஸ்மியாவுக்கும் உனக்கும் டிசம்பரில் நிக்காஹ்வை வைப்போமா என்று கேட்டார். உம்மாவுக்குச் சந்தோசம் தாங்கவில்லை.

துஆவுடன்,
உன் ராத்தா ஃபஹ்மியா


தோஹா
19.06.2025

அன்புள்ள ராத்தாவுக்கு,

வ அலைக்கும் ஸலாம். நான் சுகம். உம்மாவுக்கும் மச்சானுக்கும் சலாம் சொல்லுங்க.

கடையில் விற்கிற சின்னப் பெட்டி வேண்டாம். அதில் ஒரு பாகம் பழுதானால் அதே கம்பனியைத்தான் தேடிப் போக வேணும். கொழும்பில் ஒபிஸ்களில் இருந்து கழித்த கொம்பியூட்டர் கிடைக்கும். ஆறேழு வருசப் பழசு என்றாலும் பரவாயில்லை, பைலை எடுத்துக் கொடுக்கிற வேலைக்கு அது தாராளம். ரெம் மட்டும் பதினாறு ஜீபீ ஆக்குங்க. பவர் சப்ளை கட்டாயம் புதுசு போடுங்க, பழசு போகும்போது டிஸ்க்கையும் கூட்டிக்கொண்டு போகும்.

கவனம் வேண்டியது டிஸ்க்கில்தான். பெரிய டிஸ்க் ரெண்டு. ஒன்றில் எழுதுவதெல்லாம் அப்படியே மற்றதிலும் எழுதப்படும், ஒன்று செத்தால் மற்றது இருக்கும். சில டிஸ்க்குகள் கூரைக்கு ஓடு அடுக்குகிற மாதிரி ஒன்றின் மேல் ஒன்றாக எழுதும். விலை குறைவு என்று கடைக்காரன் அதைத் தள்ளப் பார்ப்பான், வாங்காதீங்க. இரவு பகல் ஓடுவதற்கென்றே செய்த டிஸ்க் கேளுங்க.

கரண்ட் போகிற ஊர், அதனால் யூபிஎஸ் ஒன்று. மூன்றாவதாக ஒரு டிஸ்க்கில் கொப்பி எடுத்து வேறு வீட்டில் வையுங்க. ரெண்டு டிஸ்க்கும் ஒரே வீட்டில் இருந்தால் ஒரே கள்ளன் ரெண்டையும் கொண்டுபோவான்.

டிசம்பர் என்றால் எனக்கு ஓகே. இப்போதே லீவு கேட்டு எழுதிவிடுவேன்.

உங்கள் பாசமுள்ள
முபாரிஸ்


தில்லையடி
03.07.2025

தம்பி முபாரிஸ்,

அஸ்ஸலாமு அலைக்கும். சுகம்தானே? இங்கே காற்றுக்காலம், ஜன்னல் கம்பியைத் தொட்டால் கை உப்பாகிறது.

மச்சான் நுரைச்சோலையில் வேலை முடிந்து வரும்போது ஒரு கடையில் விசாரித்தார். சிசிடிவிக்குப் போடுகிற டிஸ்க் போதும் என்றானாம். சரியா? உப்புக் காற்றுக்கு மெஷின் தாங்குமா?

இன்னும் சில விசயம் தெரிய வேணும். யாராவது டிஸ்க்கைக் கழட்டிக் கொண்டுபோனால் உள்ளே இருப்பதைப் பார்க்க முடியுமா? ஒரு பைலை யாராவது கொப்பி எடுத்தால் அது பிறகு நமக்குத் தெரியுமா? யார், எந்த நாள், எத்தனை மணிக்குத் திறந்தார் என்று மெஷின் எழுதி வைக்குமா? பழைய டிஸ்க்கில் அப்படி ஏதாவது இருக்குமா?

கெதியாகப் பதில் போடு. காரணம் பிறகு சொல்கிறேன்.

ராத்தா


தோஹா
08.07.2025

அன்புள்ள ராத்தாவுக்கு,

வ அலைக்கும் ஸலாம். நான் நல்ல சுகம். என்ன ராத்தா, பொலிஸ் மாதிரிக் கேள்வி கேட்கிறீங்க!

சிசிடிவி டிஸ்க் வேண்டாம். அது இடையில் ஒரு துண்டு விடுபட்டாலும் கவலைப்படாமல் எழுதிக்கொண்டே போகும். கெமராவுக்கு அது சரி, கல்யாணத்துக்குச் சரிவராது. உப்புக்கு, மெஷினை ஜன்னல் இல்லாத பக்கம் நிலத்தில் இருந்து உயர்த்தி வையுங்க. காற்று உள்ளே போகிற இடத்தில் வடிகட்டித் துணி ஒட்டி மாதம் ஒருமுறை கழுவுங்க.

டிஸ்க் முழுவதையும் பாஸ்வேர்ட் போட்டுப் பூட்டலாம். கழட்டிக் கொண்டுபோனவனுக்கு வெறும் குப்பைதான் தெரியும். பழைய டிஸ்க்கில் யார் கொப்பி எடுத்தது என்று கண்டுபிடிக்க முடியாது. புது மெஷினில் முடியும், யார் எதை எப்போது திறந்தார் என்று ஒரு பட்டியல் தானாக எழுதிக்கொண்டே இருக்கும். என் அறையிலும் பழைய கொம்பியூட்டரில் இதே மாதிரி ஒன்று செய்து வைத்திருக்கிறேன். அறையில் இருக்கிற ஆறு பேரும் படம், கிரிக்கெட் எல்லாம் அதில்தான் பார்க்கிறோம். அந்தப் பட்டியல் அதிலும் ஓடுது, ஆனால் நான் ஒருநாளும் திறந்து பார்த்ததில்லை.

என்ன காரணம் என்று எழுதுங்க.

முபாரிஸ்


தில்லையடி
24.07.2025

அன்புள்ள தம்பி,

அஸ்ஸலாமு அலைக்கும். உன் சுகத்துக்கு துஆ செய்கிறேன். என் சுகத்தைக் கேட்காதே.

கமீலாவின் மருதாணி நாள் படம் ஒன்று ஊரில் போன் போனாகப் போகிறது. ஜூன் கடைசியில் ஒருத்தி காட்டினாள். யாரோ பொய்யாகச் செய்தது என்று என்னை நானே ஏமாற்றிக்கொண்டு உனக்கு அந்தக் கேள்விகளை எழுதினேன். போன வெள்ளி மஹ்ரூப் ஹாஜியார் வீட்டுக்கு வந்தார். கதிரையில் உட்காரவில்லை. போனை மேசையில் வைத்தார்.

"இது உங்கட கெமராவில எடுத்ததா இல்லையா? அத மட்டும் சொல்லுங்க மகள்."

தலைமுடியை விரித்துவிட்டு, மருதாணிக் கையைத் தூக்கி ஆடுகிறாள் கமீலா. பக்கத்தில் நின்றவளின் முகத்தை வெட்டியிருக்கு, தோளும் வளையலும்தான் தெரிகிறது. அந்த வளையல் அஸ்மியாவுடையது.

"ஓம் ஹாஜியார்," என்றேன். வேறு என்ன சொல்ல? அவர் போனை எடுத்துக்கொண்டு போய்விட்டார். சலாம்கூடச் சொல்லவில்லை.

அந்த ஆட்டம் கமீலா வீட்டுக்குக் கொடுத்த வீடியோவில் இல்லை. மாமியார் விரும்ப மாட்டா என்று அவளே வெட்டச் சொன்னாள். வெட்டாத முதல் எடிட் இருப்பது ஒன்பதாம் டிஸ்க்கில் மட்டும். அந்த டிஸ்க்கைத் தொட்டது நானும் சப்னாவும்தான். மார்ச்சில் வீடியோவில் பெயர் எழுத்துப் போடுவதற்காக அவள் அதை ஒருநாள் தன் வீட்டுக்குக் கொண்டுபோனாள்.

நேற்று அவளைக் கேட்டேன். "என்ன ராத்தா, என்னையா கேக்கிறீங்க?" என்றாள். "கொஞ்ச நாளைக்கு வராதே," என்று மட்டும் சொன்னேன். கெமராப் பையை மேசையில் வைத்துவிட்டுப் போனாள். ஆறு வருசம் என்னோடு நின்றவள்.

நீ என்ன நினைக்கிறாய்? எழுது.

ராத்தா


தோஹா
17.08.2025

அன்புள்ள ராத்தாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். வேலை கூடிவிட்டது, அதனால் பதில் எழுதப் பிந்திவிட்டது. மன்னிக்கவும்.

இங்கே இருக்கிற ஜௌபர் நானா இருபதாம் திகதி ஊருக்கு வருகிறார். அவரிடம் ரெண்டு டிஸ்க் கொடுத்து அனுப்புகிறேன். பெரிய கம்பனிகளின் சர்வரில் போடுகிற வகை, நான் சொன்னதைவிட நல்லது. பிழை வந்தால் தானே திருத்துகிற ரெம்மும் அதற்குத் தோதான மதர்போர்ட்டும் வைத்திருக்கிறேன், அதையும் அனுப்புகிறேன். பாஸ்வேர்ட் இருபது எழுத்துக்குக் குறையக் கூடாது. மெஷினை இன்டர்நெட்டோடு இணைக்கவே வேண்டாம். ஒவ்வொரு போல்டரையும் யார் திறக்கலாம் என்று தனித்தனியாகக் குறித்துவிடுங்க, அதைக் குறிக்காவிட்டால் எல்லாரும் திறக்கலாம் என்று மெஷின் எடுத்துக்கொள்ளும்.

சப்னாவை அவசரப்பட்டு ஒன்றும் சொல்லாதீங்க.

உம்மாவுக்குச் சலாம்.
முபாரிஸ்


தில்லையடி
02.09.2025

முபாரிஸுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உம்மா சுகம், ஆனால் நீ கோல் எடுக்கவில்லை என்று தினமும் கேட்கிறா. நானும் ஒன்பது தரம் எடுத்துப் பார்த்தேன்.

சாமான் எல்லாம் பத்திரமாக வந்தது. பெட்டியை இன்னும் உடைக்கவில்லை. நான் எழுதிய அவ்வளவுக்கும் நீ மதர்போர்ட்டைப் பற்றி எழுதியிருக்கிறாய். கமீலா எப்படி இருக்கிறாள் என்று ஒரு வரி கேட்கவில்லை. நாளைக்கு அவள் உனக்கு மதினி.

கேட்காவிட்டாலும் சொல்கிறேன். மாமியார் அவளைத் தகப்பன் வீட்டில் கொண்டுவந்து விட்டுவிட்டா. புருஷன் வாயே திறக்கவில்லை. அவள் அறையை விட்டு வெளியே வருவதில்லையாம்.

சப்னா படத்தை விற்றாள் என்று ஊர் முடிவே கட்டிவிட்டது. நான் யாரிடமும் அப்படிச் சொல்லவில்லை. ஆனால் வேலைக்கு வராதே என்று நான் சொன்னதே போதுமாக இருந்திருக்கு. அவளை விட்டுப்போன புருஷன் இப்போது ஆள் அனுப்பியிருக்கிறான், இப்படிப்பட்டவளிடம் என் பிள்ளை வளரக் கூடாது, மகளைத் தா என்று. பிள்ளைக்கு ஏழு வயது. நேற்றுச் சந்தியில் சப்னாவைக் கண்டேன். என்னைக் கண்டதும் பிள்ளையின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு ரோட்டின் மற்றப் பக்கம் போனாள்.

அக்டோபர் பத்து, வெள்ளிக்கிழமை, ஜும்ஆவுக்குப் பிறகு மஹ்ரூப் ஹாஜியார் வீட்டில் பெரியவர்கள் கூடுகிறார்கள். சப்னாவையும் அவளை விட்டுப்போனவனையும் என்னையும் வரச் சொல்லியிருக்கிறார்கள். டிஸ்க்கைத் தொட்டது யார் என்று கேட்பார்கள். நான் சொல்ல வேண்டியிருக்கும்.

வாய் திறந்து ஏதாவது சொல்லு தம்பி.

ராத்தா


தோஹா
28.09.2025

ராத்தா,

அஸ்ஸலாமு அலைக்கும். இதை வாசிக்கும்போது உம்மா பக்கத்தில் இருக்கக் கூடாது.

ஒன்பதாம் டிஸ்க்கைத் தொட்ட மூன்றாவது ஆள் நான். நீங்கள் என்னை எண்ணவே இல்லை. நானும் சப்னாவும்தான் என்று நீங்கள் எழுதிய அந்த வரியைத் தினமும் எடுத்து வாசிக்கிறேன்.

ஏப்ரலில் டிஸ்க்கைத் திருத்தும்போது கமீலாவின் கல்யாணத்தை என் லெப்டொப்பில் ஒரு கொப்பி வைத்தேன். திரும்பவும் டிஸ்க் பழுதானால் உதவும் என்றுதான். இங்கே வந்து அறையில் இருக்கிற மெஷினில் போட்டேன். போல்டரைப் பூட்டியதாக நினைத்தேன், பூட்டுப்படவில்லை. யார் யார் திறக்கலாம் என்று நான் குறிக்கவில்லை. தொழிலே இதுதான், இந்தப் பிழையை விடலாமா? யாரோ அதைத் திறந்து படம் எடுத்திருக்கிறான். உங்கள் கடிதம் வந்த பிறகு அந்தப் பட்டியலைப் பார்த்தேன். இப்போது லெப்டொப்பிலும் மெஷினிலும் இருந்த கொப்பியை அழித்துவிட்டேன்.

ராத்தா, ஒன்று கேட்கிறேன். டிஸ்க்கைத் திருத்த ஒரு கடையில் கொடுத்தோம், அங்கே இருந்து போயிருக்கு என்று சொல்லுங்க. கடைப் பெயர் சொல்லத் தேவையில்லை. சப்னா தப்பிவிடுவாள், யாருக்கும் நட்டமில்லை. டிசம்பர் முடிந்ததும் நானே ஹாஜியாரிடம் சொல்கிறேன். இப்போது சொன்னால் அஸ்மியாவை எனக்குத் தர மாட்டார்கள்.

மன்னிச்சுக்கொள்ளுங்க.
முபாரிஸ்


தில்லையடி
01.10.2025

முபாரிஸ்,

வ அலைக்கும் ஸலாம்.

ஒன்பதாம் டிஸ்க்கில் இருபத்திரண்டு கல்யாணம் இருக்கு. டிஸ்க் திரும்பவும் பழுதாகும் என்ற பயத்தில் கொப்பி எடுத்த ஆள், இருபத்தொன்றை விட்டுவிட்டு ஒன்றை மட்டும் ஏன் எடுத்தான்?

அறையில் ஆறு பேர். "யாரோ" என்று எழுதியிருக்கிறாய். பட்டியலில் பெயர் இருக்கும் என்று எனக்குச் சொல்லித் தந்தது நீதான்.

கடை என்று நான் பொய் சொல்ல மாட்டேன். பொய் சொல்லாமல் எதைச் சொல்வது என்று தெரிய எனக்கு முழுவதும் வேணும். பத்தாம் திகதிக்கு ஒன்பது நாள் இருக்கு.

ஃபஹ்மியா


தோஹா
06.10.2025

ராத்தா,

அஸ்ஸலாமு அலைக்கும். நாலு தரம் எழுதி நாலு தரமும் அழித்தேன். இது ஐந்தாவது.

அஸ்மியாவைப் பார்க்கத்தான் எடுத்தேன். பெண் பார்க்கப் போன அன்று கால் மணித்தியாலம், எல்லாருக்கும் நடுவில், முக்காட்டோடு பார்த்ததுதான். டிஸ்க்கைத் திருத்தி முடிந்ததா என்று பார்க்க ஒரு பைலைத் திறந்தேன், அதில் அவள் தமக்கையோடு ஆடிக்கொண்டிருந்தாள். மூடியிருக்க வேணும். மூடவில்லை. இங்கே வந்தும் வேலை முடிந்து வந்து பார்ப்பேன். ஒருநாள் இருநாள் அல்ல.

ஒரு தரம் அறையில் இருக்கிற நஜாத் பின்னால் வந்து நின்றிருக்கிறான், எனக்குத் தெரியாது. எங்கள் ஊர்ப் பக்கத்துப் பொடியன்தான், அந்தக் குடும்பத்தைத் தெரியும். பட்டியலில் அவன் பெயர் மூன்று தரம் இருந்தது. நான் சட்டையைப் பிடித்தபோது அவன் சொன்னான்: "பகிடிக்கு ஒரு கூட்டாளிக்குப் போட்டன் மச்சான். உன்ட ஆளை வெட்டிட்டுத்தான் அனுப்பினன்."

எனக்கு உதவி செய்ததாக நினைக்கிறான் ராத்தா. அவனை அடிக்க எனக்குக் கை எழவில்லை. அவன் செய்தது ஒரு நாள் வேலை. நான் செய்தது ஏப்ரலில் இருந்து.

ஜூலை கடைசியிலேயே எனக்குத் தெரியும். சப்னாவின் பிள்ளையைப் பற்றி நீங்கள் எழுதிய பிறகும் இருபத்தாறு நாள் எழுதாமல் இருந்தேன். அதற்கு ஒரு காரணமும் சொல்ல முடியாது, பயம்தான்.

அவன் போனில் இருந்ததை என் முன்னால் அழிக்க வைத்தேன். ஊரில் போனதை என்னால் அழிக்க முடியாது. பட்டியலின் படத்தை இதோடு வைத்திருக்கிறேன். இந்தக் கடிதத்தை வெள்ளிக்கிழமை எல்லாருக்கும் முன்னால் வாசியுங்க. ஒரு சொல்லும் விடாதீங்க.

முபாரிஸ்


தில்லையடி
20.10.2025

தம்பி முபாரிஸுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நீ சுகமாக இருக்க வேணும் என்றுதான் இன்னமும் துஆ கேட்கிறேன்.

வாசித்தேன். ஹாஜியாரின் ஹோலில் பெரியவர்கள் நாலு பேர், சப்னாவை விட்டுப்போனவன், பின்னறைக் கதவடியில் பெண்கள். வாசித்து முடித்ததும் ஹாஜியார் அந்தப் புருஷனைத் திரும்பிப் பார்த்து, "பிள்ளைய இனிக் கேட்டு வராதீங்க," என்றார். அவன் செருப்பைப் போட்டுக்கொண்டு போய்விட்டான்.

எல்லாம் முடிந்தது என்று நினைத்து நான் சப்னாவிடம் போய்க் கையைப் பிடித்தேன். அவள் கையை எடுத்துக்கொண்டாள்.

"உங்கட தம்பி எழுதினதால நான் நல்லவளாகல்ல ராத்தா. நான் முந்தியும் அப்படித்தான் இருந்தன். அது உங்களுக்குத் தெரியும்."

எனக்குத் தெரியும்தான். தெரிந்துகொண்டே வராதே என்று சொன்னேன். உன் பிழையை வாசித்து முடித்த வாயால் என் பிழைக்கு ஒரு சொல்லும் வரவில்லை.

அஸ்மியா கடிதத்தைக் கேட்டு வாங்கித் தானே வாசித்தாள். நிக்காஹ் இல்லை என்று அவளே சொன்னாள், ஹாஜியார் சொல்லவில்லை. "அவர் என்னப் பாத்தது எனக்கு வெக்கம், கோபம். அதைக்கூட ஒருநாள் மறந்திருப்பன். ரெண்டு மாசம் சப்னா படுற பாட்டப் பாத்துக்கொண்டு சும்மா இருந்தாரே."

கமீலாவின் புருஷன் போன கிழமை கூட்டிப்போக வந்தான். "உங்கட உம்மாவக் கூட்டிக்கொண்டு வாங்க, கொண்டுவந்து விட்டது அவதானே," என்று சொல்லிக் கமீலா அவனை அனுப்பிவிட்டாள்.

நான் சப்னா வீட்டுக்கு மூன்று தரம் போனேன். மூன்றாம் தரம் கதவு திறந்தது. கேட்க வேண்டிய மன்னிப்பை வாசலிலேயே கேட்டேன். அவள், மெஷினை ஒழுங்காகச் செய்து முடிக்கிற வரைக்கும் வருகிறேன், பிறகு பார்ப்போம் என்றாள். ரெண்டு பேருமாகக் கொழும்புக்குப் போய்ப் பழைய ஒபிஸ் கொம்பியூட்டர் ஒன்று எடுத்தோம். கடைக்காரன் சிசிடிவி டிஸ்க்கைத் தந்தான், சப்னா பெட்டியைத் திருப்பிப் பார்த்துவிட்டு வேண்டாம் என்றாள். நீ அனுப்பிய டிஸ்க்கும் மற்றச் சாமானும் ஜௌபர் நானாவிடம் திரும்பி வருகிறது. நல்ல சாமான்தான். என் வீட்டில் ஓட வேண்டாம்.

எல்லா வீட்டுக்கும் சொல்லி அனுப்பியிருக்கிறோம். வைக்க விருப்பமானவர்களுடையது இருக்கும், வேண்டாம் என்கிறவர்கள் வந்து பக்கத்தில் உட்கார்ந்து அழிப்பதைப் பார்க்கலாம். கமீலாதான் முதல் ஆள். முழுக் கல்யாணத்தையும் ஒருமுறை போட்டுப் பார்த்தாள். ஆடுகிற இடத்தில் கொஞ்சம் சிரித்தாள். பிறகு அழிக்கிற பட்டனைத் தன் கையாலேயே அழுத்தினாள்.

உம்மாவுக்கு இன்னும் ஒன்றும் தெரியாது. நிக்காஹ் ஏன் நின்றது என்று என்னைக் கேட்கிறா. அந்தக் கதையை நான் சொல்ல மாட்டேன். டிக்கட் போட்டு வா. கட்டுநாயக்க எயார்போர்ட்டில் இருந்து நேரே வீட்டுக்கு வராதே. முதலில் சப்னா வீட்டுக்குப் போ. கதவைத் திறந்தால் முகத்தைப் பார்த்துச் சொல்லு, திறக்காவிட்டால் வெளியில் நின்று சொல்லு. பிறகு உம்மாவிடம் வா.

சோறு எடுத்து வைத்திருப்பேன்.

உன் ராத்தா